எட்டு நாள், நான்கு தீவு: மகளைக் கிரீஸ் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்த மகளை மே மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து எட்டு நாள் கிரீஸுக்கு அழைத்துப் போகிறார்கள். ஏதென்ஸ், மிகோனோஸ், டெலோஸ், சாண்டோரினி, கிரீட் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். "உடைந்த கல்லைப் பார்க்க இவ்வளவு பணமா? கடல் பயணம் வேறு. அவளுக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும் அடியில் இரண்டு கவலை தெரிகிறது. பிள்ளை பத்திரமாகத் திரும்பி வருவாளா என்பது ஒன்று. வந்தாலும், போன் நிறையப் படங்களைத் தவிர வேறு ஏதாவது கொண்டு வருவாளா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். மாணவர் குழுவோடு ஐந்து முறை கிரீஸ் போயிருக்கிறேன். தொல்லியல் அறிஞர் இல்லை, மருத்துவரும் இல்லை. அதனால் கீழே எழுதுவதில் பாடமாகப் படித்தது கொஞ்சம், பிள்ளைகளோடு வெயிலில் நின்று கற்றது நிறைய. சுருக்கமாகச் சொன்னால், அனுப்புங்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ஒரு தீவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நாளில் போகிற நாளும் திரும்புகிற நாளும் விமானத்தில் போய்விடும். மீதி ஆறு. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மிகோனோஸ், அங்கிருந்து சாண்டோரினி, அங்கிருந்து கிரீட், பிறகு மறுபடி ஏதென்ஸ் என்று நான்கு முறை இடம் மாற வேண்டும். மிகோனோஸுக்கு வேகக் கப்பலில் போனாலே மூன்று மணி நேரம் பிடிக்கும், சாதாரணக் கப்பல் என்றால் ஐந்து. அதோடு காலையில் பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, துறைமுகத்தில் தலை எண்ணிக் காத்திருப்பது, மறுமுனையில் பஸ் வருவது. முப்பது பிள்ளைகளோடு போனால் ஒவ்வொரு மாற்றமும் அரை நாளை விழுங்கிவிடும். ஆக, பார்க்கக் கிடைப்பது நான்கு நாள், பார்க்க வேண்டியது ஐந்து இடம். எந்தக் குழந்தைக்கும் எதுவும் மனதில் தங்காது.

நானாக இருந்தால் கிரீட்டை விட்டுவிடுவேன். வருத்தத்தோடுதான் சொல்கிறேன். வெண்கலக் காலத்து மினோவ மக்களின் க்னோசோஸ் அரண்மனை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது இரண்டு மணி நேரத்தில் தப்பாகப் புரிந்துகொள்ள எளிதான இடம். 1900-இல் அங்கே தோண்டத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், கிடைத்ததைத் தம் கற்பனைக்கு ஏற்ப கான்கிரீட் போட்டு எழுப்பினார். இன்று பிள்ளைகள் படம் எடுக்கும் சிவப்புத் தூண்களில் எது பழையது, எது இருபதாம் நூற்றாண்டுக் கட்டுமானம் என்று பிரித்துக் காட்டவே ஒரு முழுக் காலை தேவை. கிரீட்டுக்கு இன்னொரு பயணம் போகலாம். மிச்சமாகும் நாளை ஏதென்ஸுக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நேரத்தைக் காற்றுக்காகவும் ஒதுக்கி வையுங்கள். ஏஜியன் கடலில் காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். மெல்தெமி என்ற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில்தான் மும்முரமாக வீசும் என்றாலும், மே மாதத்திலும் ஒருமுறை நாங்கள் ஒரு முழுப் பகல் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். இடைவெளியே இல்லாத திட்டத்தில் ஒரு கப்பல் நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் சரிந்துவிடும்.

டெலோஸை மட்டும் யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். மிகோனோஸின் பழைய துறையிலிருந்து படகில் அரை மணி நேரம். மூன்றரைச் சதுர கிலோமீட்டர் கூடத் தேறாத பொட்டல் தீவு அது. அங்கே தங்க முடியாது, கடைசிப் படகுக்குள் திரும்பிவிட வேண்டும். தங்கள் தெய்வங்களான அப்பல்லோவும் ஆர்ட்டெமிசும் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் நம்பியதால் புனிதத் தலமானது. கி.மு. 426 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் தீவைத் தூய்மை செய்கிறோம் என்று சொல்லி அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்து, இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். இதைச் சொன்னதும் என் மாணவி ஒருத்தி, "அப்போ பிரசவ வலி வந்தா என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். கையை நீட்டி எதிரே தெரிந்த ரினையா தீவைக் காட்டினேன். வலி வந்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் படகில் ஏற்றி அங்கே கொண்டு போனார்கள். தோண்டி எடுத்த எலும்புகளோடு இருந்த பானைகள் அங்கே ஒரே குழியில் கிடைத்தன, அவற்றை இப்போது மிகோனோஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அரை மணி நேரம் பாடம் எடுத்தாலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்காத ஒன்று, கடலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மேட்டைப் பார்த்த நொடியில் கிடைத்தது.

உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு செய்தி. நம் சங்கப் பாடல்களில் வரும் யவனர் என்ற சொல் அயோனியர் என்ற பெயரிலிருந்து பிறந்தது. பாரசீகர் வாயில் யௌனா என்றாகி, வடமொழி வழியாக நம்மிடம் வந்தது. அந்த அயோனியர்கள் கூடித் திருவிழா எடுத்த தீவுதான் டெலோஸ். நம் பாடப்புத்தகத்தில் மிளகு வாங்க வந்தவர்களாக மட்டும் தெரியும் மக்களுக்கு ஊர், கோயில், திருவிழா எல்லாம் இருந்தது என்று அங்கே நிற்கும்போது புரியும்.

டெலோஸில் கோயிலைவிட வீடுகளில்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பார்கள். கி.மு. 166-இல் ரோம் இதைச் சுங்கமில்லாத் துறைமுகம் ஆக்கிய பிறகு பல நாட்டு வணிகர்கள் வந்து குடியேறினார்கள். நடுவே முற்றம், சுற்றிலும் தூண், முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி என்று கட்டிய வீடுகள். முற்றம் வைத்த வீட்டைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் தொட்டியின் பளிங்கு வாய் அப்படியே இருக்கிறது. அதன் உள்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள். வாளிக் கயிறு தேய்த்துத் தேய்த்து உண்டானவை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க ஆச்சி வீட்டுக் கிணத்துலயும் இப்படித்தான் சார் இருக்கும்" என்றான். சுற்றி நின்றவர்கள் அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் கயிற்றுத் தடம் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அதே தீவின் இருண்ட பக்கத்தையும் ஆசிரியர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது மிகப் பெரிய அடிமைச் சந்தையாகவும் இருந்தது. ஒரே நாளில் பல்லாயிரம் பேரை வாங்கி அனுப்பக்கூடிய இடம் என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். சந்தை இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பது வேறு. இத்தாலியர் சதுக்கம் என்ற பெரிய முற்றத்தைக் காட்டி, இங்கேதான் விற்றார்கள் என்று சில வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அறிஞர்களிடையே அதில் ஒத்த கருத்து இல்லை. இன்னொன்று, அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பளிங்குச் சிங்கங்கள் நகல்கள்தான், அசல்களை வெயிலும் உப்புக்காற்றும் அரிக்காமல் உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று சில ஆசிரியர்கள் மறைப்பதுண்டு. சொல்லிவிடுவதே நல்லது.

தரையெல்லாம் ஓட்டுச்சில்லு சிதறிக் கிடக்கும் தீவு அது. ஒரு பையன் சிவப்புச் சில்லு ஒன்றை எடுத்து, குயவனின் விரல் இழுத்த கோடுகளை என்னிடம் காட்டிக்கொண்டிருந்தான். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி காவலரின் விசில் கேட்டது. எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார், வைத்தோம். பழம்பொருளை, சின்னச் சில்லாக இருந்தாலும், எடுத்துப் பையில் போடுவது அந்த நாட்டில் குற்றம். கிளம்பும் முன்பே மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, தொல்லியல் களங்களுக்குள் குழுவுக்கு விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கே அனுமதி. அப்படி ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று பள்ளியிடம் கேளுங்கள்.

சாண்டோரினிக்கு எல்லோரும் நீலக் குவிமாடத்துக்காகப் போகிறார்கள். பள்ளிக் குழு போக வேண்டியது அக்ரோதிரிக்கு. எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த வெண்கலக் காலத்து ஊர் அது. 1967-இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாடோஸ் தோண்டத் தொடங்கினார், 1974-இல் அந்தக் களத்திலேயே இறந்தார். இரண்டு, மூன்று மாடி வீடுகள், கழிவுநீர்க் கால்வாய், நில நடுக்கத்தில் நடுவே பிளந்த கல் படிக்கட்டு, வரிசையாக நிற்கும் தாழிகள் எல்லாம் கூரைக்கு அடியில் இருப்பதால் வெயிலிலும் பொறுமையாகப் பார்க்கலாம். 2005-இல் முந்தைய கூரை இடிந்து ஒரு பயணி இறந்தார். ஆறாண்டுக்குமேல் மூடிவைத்து, புதிய கூரை போட்டு 2012-இல்தான் திறந்தார்கள். உள்ளே போனதும் பிள்ளைகள் எலும்புக்கூடு எங்கே என்று கேட்பார்கள். இதுவரை கிடைக்கவில்லை. நகையும் பெரிதாகக் கிடைக்கவில்லை. மக்கள் முன்னாலேயே எச்சரிக்கை உணர்ந்து, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்பதே பொதுவான கருத்து. எங்கே போனார்கள், கரை சேர்ந்தார்களா என்பதற்குச் சான்று இல்லை.

இந்த வெடிப்பைப் பற்றித்தான் வழிகாட்டிகள் அதிகமாகக் கதை விடுவார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வெடித்தது உறுதி. எப்போது என்பதில் இன்னும் தகராறு. சாம்பலில் புதைந்த ஒலிவக் கிளையின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 1600-க்குச் சற்று முன்பு என்றது. எகிப்தோடு ஒப்பிட்டுப் பானைகளை வைத்துக் கணக்கிடுபவர்கள் கி.மு. 1500-ஐ ஒட்டி என்றார்கள். இந்த வெடிப்புதான் கிரீட்டின் மினோவ நாகரிகத்தை ஒரே நாளில் அழித்தது என்ற கதையும் நிற்காது. சாம்பல் விழுந்த பிறகும் கிரீட்டின் அரண்மனைகள் சில தலைமுறைகள் இயங்கின. கடலில் மூழ்கியதாகச் சொல்லும் அட்லாண்டிஸ் தீவு பிளேட்டோ எழுதிய கதையில் வருவது, இதுதான் அது என்று நிறுவிய சான்று எதுவும் இல்லை.

ஃபிரா ஊரில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் நீலக் குரங்குகளின் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. பாறைமேல் தாவி ஏறும் குரங்குகள், வால் மேலே தூக்கி வளைந்திருக்கும். அந்த வாலையும் உடல்வாகையும் பார்த்த சில குரங்கியல் ஆய்வாளர்கள், இது நம் நாட்டு லங்கூர், அதாவது சாம்பல் மந்தி என்று சில ஆண்டுகளுக்கு முன் எழுதினார்கள். சரியென்றால் சிந்துவெளிப் பக்கத்துக் குரங்கின் உருவம் ஏதோ ஒரு வழியாக ஏஜியன் தீவுவரை போயிருக்க வேண்டும். ஆப்பிரிக்கக் குரங்குதான் என்போரும் இருக்கிறார்கள், முடிவாகவில்லை. மொட்டை மாடியில் மந்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்த ஓவியத்தின் முன் நின்று வாலைப் பற்றி விவாதிக்கும்போது எனக்கு அவர்களைக் கிளப்பிக்கொண்டு போகவே மனம் வராது.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். பெற்றோர் பயப்படுவது பெரும்பாலும் கடத்தல், கப்பல் கவிழ்வது இவற்றுக்கு. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு வந்த தொல்லைகள் வெயில், வழுக்கல், பர்ஸ் திருட்டு மூன்றும்தான். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் ஏறும் வழியில் உள்ள பளிங்கு, கோடிக்கணக்கான கால்கள் பட்டுக் கண்ணாடி போல ஆகிவிட்டது. தட்டை அடி செருப்போடு வந்த ஒரு பெண் அங்கே விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு, அடிப்பகுதி சொரசொரப்பாக உள்ள ஷூ இல்லாமல் யாரையும் நான் அழைத்துப் போவதில்லை. டெலோஸில் நிழலே கிடையாது. தொப்பியும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெப்ப அலையின்போது அக்ரோபோலிஸையே நண்பகலிலிருந்து மாலைவரை மூடினார்கள். மே கடைசி அவ்வளவு கொடுமையாக இருக்காது. இருந்தாலும் காலை திறக்கும் நேரத்துக்கே நுழைவது போல டிக்கெட் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இப்போது நேரம் குறித்துத்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள். கட்டணமும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் நான் எண் எதுவும் சொல்லவில்லை, அவர்களின் கலாச்சார அமைச்சகத் தளத்தில் பார்ப்பதே சரி.

சாண்டோரினியில் பழைய துறையிலிருந்து ஊருக்கு ஏறக் கிட்டத்தட்ட 600 படிகள், அதில் கழுதைச் சவாரி உண்டு. பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்று பள்ளியிடம் சொல்லுங்கள். படி வழுக்கும், கழுதைகளுக்கும் அது துன்பம். கேபிள் கார் இருக்கிறது. 2025 ஜனவரி கடைசியிலிருந்து அந்தத் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கான நில நடுக்கங்கள் வந்து, பத்தாயிரம் பேருக்குமேல் தற்காலிகமாக ஊரைவிட்டுக் கிளம்பியதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிறகு அடங்கிவிட்டது. மறுபடி வருமா என்று யாராலும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. அதனால் பள்ளியிடம் கேட்க வேண்டியது, அப்படி வந்தால் மாற்றுத் திட்டம் என்ன, பணம் எவ்வளவு திரும்பும் என்பதுதான். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர்களில் பெண் ஆசிரியர் இருவராவது என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

ஏதென்ஸில் கூடுதலாகக் கிடைக்கும் நாளில் இரண்டு அருங்காட்சியகம் பார்க்கட்டும். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அக்ரோதிரியின் குத்துச்சண்டைச் சிறுவர்கள் ஓவியம் இருக்கிறது, கடலடியிலிருந்து எடுத்த, வான்கோள்களின் போக்கைக் கணக்கிட்ட பழங்கால ஆண்டிகிதெரா இயந்திரமும் இருக்கிறது. துருப்பிடித்த வெண்கலத்துக்குள் பல்சக்கரம் தெரியும், கணக்குப் பிடிக்காத பிள்ளையும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் குன்றின் மேலுள்ள பார்த்தனான் கோயிலின் சிற்ப வரிசை. கி.மு. 447-இல் கட்டத் தொடங்கிய கோயில், 1687-இல் உள்ளே அடுக்கியிருந்த வெடிமருந்தில் வெனிஸ் படையின் குண்டு விழுந்து சிதறியது. மிஞ்சிய சிற்பங்களில் ஏறக்குறைய பாதியை பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு எடுத்துப் போய், இன்று அது லண்டனில் இருக்கிறது. இங்கே அசல் கல் தேன் நிறத்தில் இருக்கும், லண்டனில் உள்ளவற்றுக்குப் பதில் வைத்த சுண்ண வார்ப்பு வெள்ளையாக இருக்கும். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் வெள்ளையை எண்ணத் தொடங்குவார்கள். அங்கிருந்து நம் கோயில் சிலைகளுக்குப் பேச்சு தானாக வந்துவிடும்.

மகள் வெறும் படங்களோடு திரும்பாமல் இருக்க நான் ஒரே ஒரு வழிதான் கண்டிருக்கிறேன். போவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு பொருளை மட்டும் அவள் தேர்ந்தெடுக்கட்டும். டெலோஸின் ஒரு வீடு, நீலக் குரங்கு, அந்தப் பல்சக்கரம், எதுவானாலும் சரி. அதைப் பற்றிக் கிடைத்ததைப் படிக்கட்டும். அங்கே போனதும் போனைப் பையில் போட்டுவிட்டு இருபது நிமிடம் அதன் முன் உட்கார்ந்து பென்சிலால் வரையட்டும். வரைவது நன்றாக வர வேண்டியதில்லை. மற்ற இடங்களை வேகமாகப் பார்த்தாலும் பரவாயில்லை. இதற்கு நேரம் ஒதுக்குவீர்களா என்று ஆசிரியரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே பயணத் திட்டம் எப்படிப் போட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, சைவமாக இருந்தால் உதவும் என்று சொல்கிறேன். நிஸ்டிசிமோ என்று கேட்டால் கிரேக்க விரதச் சாப்பாடு கிடைக்கும், இறைச்சி, முட்டை, பால் சேராது. ஆனால் கணவாயும் இறாலும் அவர்கள் விரதத்துக்கு ஒத்துவரும், அதனால் அதையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சாண்டோரினியின் ஃபாவா நம் பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும், எங்கள் பிள்ளைகள் ரொட்டியில் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டார்கள். கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும், காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை நெருங்கினால் தேதி கிடைப்பது கஷ்டம். கல்விப் பயணமாகப் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணத்தில் விலக்கு உண்டு, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பள்ளி கொடுத்த செலவுக் கணக்கில் விசாக் கட்டணம் சேர்ந்திருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கடைசியாக வாந்தி. பெரிய கப்பலில் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்கார வையுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். வேகக் கப்பலைவிடச் சாதாரணக் கப்பலே அவளுக்கு நல்லது, வெளியே வந்து காற்றில் நிற்கலாம். மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு பஸ் பயணத்தில் போட்டுப் பாருங்கள், தூக்கம் எவ்வளவு வருகிறது என்று தெரியும். சிக்கல் டெலோஸ் போகும் சின்னப் படகில்தான், காற்று இருந்தால் நன்றாகவே ஆடும். அரை மணி நேரம்தான். காலையில் வெறும் வயிற்றோடு ஏறாமல் காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் தூரத்தில் தெரியும் கிந்தோஸ் குன்றின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படகு நெருங்க நெருங்க அதன் அடிவாரத்தில் தூண்கள் தெரியத் தொடங்கும்.